ஹாலை அளக்காமல் வாங்கும் திரை

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி வரை தொலைக்காட்சிப் பெட்டிக்கு அரசு ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. 32 அங்குலம் வரை 18 சதவீத ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் 28 சதவீதம். 32 வரை தேவை, அதற்கு மேல் சொகுசு என்பது அந்தக் கோட்டின் பொருள். அன்று முதல் எல்லா அளவுக்கும் 18 தான். வரி அதிகாரிகளுக்கு முன்பே நம் வீடுகள் அந்தக் கோட்டை அழித்துவிட்டன என்பது வேறு விஷயம். 32 அங்குலம் எப்போதோ தாத்தா பாட்டியின் அறைக்கு ஒதுங்கிவிட்டது. 43 வாங்கியவர், "வாடகை வீடுதானே, இப்போதைக்கு இது போதும்னு..." என்று நாம் கேட்காமலேயே விளக்கம் சொல்கிறார்.

2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போனது 14 அங்குலப் பெட்டி. அன்று அதைத் தோளில் வைத்துத் தூக்கிவந்த குடும்பம் இன்று 55 அங்குலத்துக்கு மாதத் தவணை கட்டுகிறது. இதைப் பார்த்து அங்கலாய்ப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சினிமாவை இவ்வளவு கொண்டாடும் ஊரில் வீட்டுக்குள் ஒரு நல்ல திரை வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான். என் குறை விற்கும் விதத்தில் இருக்கிறது. கடையில் உரக்கச் சொல்லப்படும் எண்களுக்கு வீட்டில் வேலையே இல்லை. வீட்டில் தேவைப்படும் எண்களோ பெட்டியின் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. விற்பவரைக் கேட்டால் அவருக்கும் தெரிவதில்லை.

கடை வெளிச்சம்

ஆடித் தள்ளுபடியோ தீபாவளியோ, எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் சுவர் முழுக்க வரிசையாகத் திரைகள். தோகை விரிக்கும் மயில், நறுக்கிய பழம், சொட்டுச் சொட்டாக விழும் தேன், ஏதோ வெளிநாட்டு நகரத்தின் இரவு விளக்குகள். தயாரிப்பாளர்கள் தங்கள் டிவிக்கென்றே எடுத்து அனுப்பிய காட்சிகள் இவை. நாம் வீட்டில் பார்க்கப்போகிற சீரியலோ செய்தியோ பழைய படமோ ஒரு திரையிலும் ஓடாது. டிவியும் 'ஸ்டோர் மோட்' எனும் கடைக்கான அமைப்பில் இருக்கும்: வெளிச்சம் உச்சத்தில், நிறம் உச்சத்தில், வெள்ளையில் நீலம் தூக்கலாக. அத்தனை குழல்விளக்குகளுக்கு நடுவே அப்படி வைத்தால்தான் எடுபடும். அடுத்தடுத்து மாட்டிய திரைகளில் எது அதிகம் பளிச்சிடுகிறதோ அதையே கண் நல்லது என்று தேர்ந்தெடுக்கும். பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் கடை விளக்கை நம்பாமல் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்ப்பார்கள். டிவியை வாசலுக்குத் தூக்க வழியில்லை. ஒரு பென் டிரைவைக் கடைக்குள் கொண்டுபோகலாம். அதில் இரவில் நடக்கும் ஒரு காட்சி, ஒரு முகத்தின் அண்மைக் காட்சி, கொஞ்சம் கிரிக்கெட் இருந்தால் போதும். "ஸ்டோர் மோடை எடுத்துட்டு, சினிமா மோடில் இதைப் போட்டுக் காட்டுங்க தம்பி" என்று கேட்டால் சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். சில கடைகளில் ஆர்வமாகவே போட்டுக் காட்டுவார்கள். இருட்டில் நிற்கும் ஆளின் சட்டை மடிப்பு தெரிகிறதா, எல்லாம் ஒரே சாம்பல் திட்டாகத் தெரிகிறதா என்று பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

"சார், இது கியூஎல்இடி. அது வெறும் எல்இடி" என்பார் விற்பனையாளர். சாதி பிரிப்பதுபோல் பிரித்தாலும் இரண்டும் எல்சிடி திரைகள்தான். பின்னாலிருந்து எல்இடி விளக்குகள் ஒளியைக் கொடுக்க, முன்னாலுள்ள திரவப் படிக அடுக்கு அதைத் திறந்து மூடுகிறது. கியூஎல்இடியில் இடையில் குவாண்டம் புள்ளிகள் பூசிய ஒரு படலம் சேர்கிறது. நிறம் கூடுதல் சுத்தமாக வரும். 2023-இல் வேதியியல் நோபல் பெற்றுத்தந்த அதே நுண்துகள்கள்தான், பெருமைக்குரியவை, சந்தேகமில்லை. ஆனால் பின்விளக்கு மட்டமாக இருந்தால் அந்தப் படலத்தால் என்ன செய்ய முடியும்? கறுப்பு கறுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் பின்விளக்கு பல பகுதிகளாகப் பிரிந்து, இருட்டான இடத்தில் மட்டும் அணைய வேண்டும். 'மினி எல்இடி' என்பது இதற்காகத்தான்: சின்னச் சின்ன விளக்குகள், நூற்றுக்கணக்கான பகுதிகள். எத்தனை பகுதிகள் என்பதே விலைக்கான நியாயம். அந்த எண்ணைப் பல நிறுவனங்கள் சொல்வதே இல்லை.

பளிச்சையும் இருட்டையும் ஒரே காட்சியில் விரிவாகக் காட்டுவதாகச் சொல்லும் 'எச்டிஆர்' முத்திரையும் இந்த ரகம். எச்டிஆர் காட்சிகள் பெரும்பாலும் 1000 நிட்ஸ் வெளிச்சத்தை மனத்தில் வைத்துத் தயாராகின்றன. விலை மலிந்த டிவிகள் 250, 300 நிட்ஸோடு நின்றுவிடும். சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டாது. முத்திரை மட்டும் விலை உயர்ந்த பெட்டியிலும் மலிந்த பெட்டியிலும் ஒரே அளவில் பளபளக்கும்.

பத்தடி தூரம்

"எத்தனை அங்குலம் வாங்கலாம்?" என்று கேட்டால் "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்ற பதில் கேள்விதான் கடையில் கிடைக்கும். கேட்டிருக்க வேண்டியது உட்காரும் தூரத்தை. நம் அடுக்ககங்களில் ஹாலின் அகலம் பெரும்பாலும் பத்தடிக்கு முன்பின். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் கண்ணுக்கும் திரைக்கும் எட்டரை, ஒன்பது அடி இருக்கும். வீட்டுத் திரையரங்கு அமைப்பவர்கள், திரை நம் பார்வையில் குறைந்தது 30 டிகிரியாவது அடைக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். திரையின் மூலைவிட்டத்தை 1.6-ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் வந்துவிடும். 55 அங்குலத்துக்கு ஏழே கால் அடி, 65-க்கு எட்டரை அடிக்குச் சற்று மேல், 75-க்குப் பத்தடி. ஆக, சராசரி நகர்ப்புற ஹாலுக்கு 65 பெரிதே இல்லை. "இவ்ளோ பெருசா? கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று வீட்டில் பெரியவர்கள் பயப்படுவது பழைய பிக்சர் ட்யூப் காலத்துப் பயம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து மணிக்கணக்கில் பார்த்தால் கண் களைக்கும். அது 32 அங்குலத்திலும் களைக்கும்.

இன்னொரு கணக்கு கடைக்காரருக்குப் பிடிக்காது. சாதாரணப் பார்வை உள்ளவர் பத்தடி தள்ளி உட்கார்ந்து 55 அங்குலத் திரையைப் பார்த்தால், ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் புள்ளி அளவில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஏழடிக்குள் வந்தால்தான் தெரியத் தொடங்கும். 65 அங்குலமானால் எட்டரை அடிக்குள், 75 ஆனால் பத்தடிக்குள். இன்று 55-லும் 65-லும் 4கே இல்லாமல் வாங்குவதே கடினம் என்பதால் இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் 8கே-க்கு யாராவது பேரம் பேசினால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வரலாம்.

திரையைவிட அதற்குள் வருவதுதான் பெரிய சிக்கல். சாதாரண கேபிள் சேனலின் படம் 720-க்கு 576 புள்ளி. பெருக்கினால் நாலு லட்சத்துப் பதினாலாயிரத்துச் சொச்சம். 4கே திரையில் இருப்பவை 82 லட்சத்து 94 ஆயிரம். இரண்டாவது எண் முதலாவதைப் போல் சரியாக 20 மடங்கு. அதாவது இருபது புள்ளியில் ஒன்றுதான் கேபிள்காரர் கொடுத்தது. மீதிப் பத்தொன்பதை டிவி தானாக ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. 14 அங்குலத்தில் இந்தப் பஞ்சம் தெரியாது. 65 அங்குலத்தில் செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகில் செய்ததுபோல் இருக்கும். லட்ச ரூபாய் டிவி வாங்கிய ஒரு வீட்டில் அதன் பின்புறம் எட்டிப் பார்த்தேன். பழைய செட்டாப் பாக்ஸிலிருந்து அதே சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் மூன்றும் வந்து சொருகியிருந்தன. மஞ்சள் ஒயரில் எச்டி படம் வராது. எச்டி பாக்ஸும் ஒரு எச்டிஎம்ஐ ஒயரும் இல்லாமல் பெரிய திரை வாங்குவது வீண் என்று டிவியைக் கொண்டுவந்து இறக்கிய ஊழியரும் சொல்லவில்லை, மாட்டிவிட்டுப் போன ஊழியரும் சொல்லவில்லை. ஓடிடியிலும் இதே கதைதான். நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டுமானால் அதன் உச்சத் திட்டத்துக்கு மாதம் 649 ரூபாய் கட்ட வேண்டும். இணைய வேகம் குறைந்தது 15 எம்பிபிஎஸ் வேண்டும். வேகம் குறைந்தால் படத்தின் தரத்தை அது சத்தமில்லாமல் இறக்கிவிடும். டிவியைத்தான் திட்டுவோம்.

படத்தின் வடிவமும் ஒரு தகராறு. 1973-இல் 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. இன்று பெரும்பாலான தமிழ்ப் படங்கள் அந்த நீள வடிவில்தான் வருகின்றன. டிவியின் வடிவம் வேறு. 65 அங்குலத் திரையின் உயரம் 81 செ.மீ.; அதில் சினிமாஸ்கோப் படம் பிடிக்கும் இடம் 60 செ.மீ. மேலும் கீழும் கறுப்புப் பட்டை. "இவ்ளோ காசு கொடுத்து முழுத் திரையிலும் வரலையே" என்று ரிமோட்டில் ஜூமை அழுத்துகிறார்கள். இரு ஓரத்திலும் நிற்கும் ஆட்களின் தலை வெட்டுப்பட்டுப் போகிறது. பழைய படங்களுக்கு நேர்வது இதைவிடக் கொடுமை. ஏறக்குறைய சதுரமான அந்தப் படங்களைத் திரை முழுக்க இழுத்துவிட்டால் எம்.ஜி.ஆருக்கும் சாவித்திரிக்கும் கன்னம் உப்பி, பொன்னுக்குவீங்கி வந்தவர்கள்போல் வருகிறார்கள். இதைக் கண்டுகொள்ளாமல் இரண்டரை மணி நேரம் ரசிக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ரிமோட்டில் 4:3 என்றோ 'ஒரிஜினல்' என்றோ ஓர் அமைப்பு இருக்கிறது. ஒருமுறை தேடி வைத்துவிட்டால் அந்த மகாநடிகர்களுக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்.

சமையலறை வாசலில் நிற்பவர்

டிவி விளம்பரங்களில் ஒரே சோபாவில், திரைக்கு நேர் எதிரே, நான்கு பேர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம் வீட்டில் அப்படி யார் உட்காருகிறார்கள்? சோபா இருக்கும், அதில் துவைத்த துணி மடிக்கக் குவிந்திருக்கும். ஆட்கள் தரையில், சோபாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சாப்பாட்டு மேசையில், ஒருவர் ஓரத்து நாற்காலியில். அந்த வீட்டில் டிவியை அதிகம் பார்ப்பவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, கையில் கரண்டியோடு, பக்கவாட்டில் பார்ப்பார்.

எல்சிடி பேனலில் பொதுவாக இரண்டு வகை உண்டு. விஏ வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும். நேர் எதிரே இருந்து பார்த்தால் அருமை, பக்கவாட்டில் நகர நகர நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் வகையில் எந்தக் கோணத்திலும் நிறம் நிற்கும். இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகிவிடும். தனியாக உட்கார்ந்து இரவில் படம் பார்ப்பவருக்கு விஏ. பல மூலைகளிலிருந்து பார்க்கும் கூட்டுக் குடும்பத்துக்கு ஐபிஎஸ். இவ்வளவு எளிய முடிவு. ஆனால் எந்தப் பெட்டியிலாவது இந்த எழுத்துகள் அச்சாகியிருந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரே மாடலிலேயே 55 அங்குலத்தில் ஒரு வகை, 65-இல் வேறு வகை வருவதுண்டு. வாங்குவதற்கு முன் இணையத்தில் அளந்து பார்த்து எழுதுபவர்களைத் தேடிப் படித்தால்தான் உண்டு. சமையலறை வாசலில் நிற்பவருக்கு வெளுத்த படமே வாய்க்கிறது. அது டிவியின் குணம் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

ஓஎல்இடியில் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு முழுக் கறுப்பு. எந்தக் கோணத்திலும் நிறம் மாறாது. பணம் இருந்தால் சினிமாவுக்கு இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்ச் செய்திச் சேனல் ஒன்றைக் காலையில் போட்டு இரவில் அணைக்கும் வீடாக இருந்தால் யோசிக்க வேண்டும். ஓர் ஓரத்தில் அசையாத சின்னம், அடியில் சிவப்புப் பட்டை, அதற்கு அடியில் இன்னொரு பட்டை, மூலையில் நேரம். ஓஎல்இடியின் புள்ளிகள் கரிமப் பொருளால் ஆனவை. உழைக்க உழைக்கத் தேயும். ஒரே இடத்தில் ஒரே உருவம் ஆண்டுக்கணக்கில் எரிந்தால் அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து, வேறு படம் ஓடும்போதும் அந்தப் பட்டையின் நிழல் தெரியும். புதிய மாடல்களில் இதைத் தடுக்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆனால் 'பிரேக்கிங் நியூஸ்' என்று நாள் முழுக்க எரியும் பட்டையின் பிடிவாதத்தை அந்தப் பொறியாளர்கள் எவ்வளவு எதிர்பார்த்தார்களோ!

மாட்டும் உயரத்தைப் பற்றி ஒரு சொல். உள்ளலங்காரம் செய்பவர்கள் டிவியை ஓவியத்தைப் போல் நினைத்து, நிற்கும் ஆளின் கண் மட்டத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி. தரையில் உட்கார்ந்தால் இரண்டரை. திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்துக்கு வர வேண்டுமானால் 65 அங்குல டிவியின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டு, இரண்டேகால் அடியில் இருக்க வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் அது முடியாது என்பார்கள். சரி, மூன்றடி வையுங்கள். ஐந்தடிக்கு மேல் ஏற்றி, கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் தினமும் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டுக் கழுத்து வலிக்குத் தைலம் தேய்ப்பதில் அர்த்தமில்லை. சுவர் எது என்றும் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினால் பகல் முழுக்கத் திரையில் தெரிவது ஜன்னல் கம்பிதான். அதற்கு எத்தனை நிட்ஸ் வாங்கினாலும் திரைச்சீலைக்கு ஈடாகாது.

பெரும்பாலான டிவிகளில் பிறவிக் கோளாறு போல ஒன்று சேர்ந்தே வருகிறது. புதுப் படம் போட்டதும், "என்னடா, சீரியல் மாதிரி இருக்கு?" என்று யாராவது சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். சினிமா விநாடிக்கு 24 சட்டகம். டிவி இடையிடையே தானாகச் சட்டகங்களைத் தயாரித்துச் செருகி, அசைவை வழுவழுப்பாக்குகிறது. கிரிக்கெட்டுக்கு அது பிடித்தாலும் பிடிக்கலாம், சினிமாவைக் கெடுத்துவிடும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் வீடியோ வெளியிட்டு, தயவுசெய்து இதை அணையுங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். மறு ஆண்டு 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்றே ஓர் அமைப்பைத் தயாரிப்பாளர்கள் கூடி அறிவித்தார்கள். உங்கள் டிவியில் அது இருந்தால் அதை வையுங்கள். இல்லையென்றால் பட அமைப்புகளில் 'மோஷன்' என்று தொடங்கும் எதையும் அணையுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இது.

மின்விசிறிக்கு அடியில் வசனம்

திரை பெருகப் பெருக டிவி மெலிந்தது. ஒலிபெருக்கி வைக்க இடமில்லாமல் அதைக் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ திருப்பி வைத்துவிட்டார்கள். நம்மைப் பார்த்துப் பேச வேண்டிய குரல் சுவரைப் பார்த்துப் பேசுகிறது. நம் ஹால் எப்படி இருக்கிறது? தரை முழுக்க டைல்ஸ், நான்கு பக்கமும் வெற்றுச் சிமென்ட் சுவர், தலைக்கு மேல் ஐந்தில் சுழலும் மின்விசிறி, உள்ளே குக்கர் விசில். டைல்ஸிலும் சுவரிலும் மோதித் திரும்பும் ஒலி ஒன்றன்மேல் ஒன்று படிந்து மெய்யெழுத்துகளைத் தின்றுவிடும். வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவோம், அடுத்த நொடி சண்டைக் காட்சியில் பின்னணி இசை காதைக் கிழிக்கும், குறைப்போம். இரண்டு மணி நேரமும் ரிமோட் கையில்தான்.

ஒலியில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல. 1995-இலேயே 'குருதிப்புனல்' டால்பி ஒலியமைப்போடு வந்தது. அடுத்த ஆண்டு 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸைக் கொண்டுவந்தது. 2012-இல் 'சிவாஜி 3டி' மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸில் வந்தது. ஒலிக்காகவே தியேட்டரைத் தேர்ந்தெடுத்துப் போகும் ரசிகர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களே வீட்டுக்கு டிவி வாங்கும்போது பணம் முழுவதையும் அங்குலத்தில் போட்டுவிட்டு, ஒலிக்கு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். நான் சொல்வது இது: 75 வாங்க வைத்திருக்கும் பணத்தில் 65 வாங்கி, மிச்சத்தை ஒலிக்குப் போடுங்கள். சவுண்ட்பார் என்றால் நடுவில் வசனத்துக்கென்று தனி ஒலிபெருக்கி இருக்கிறதா என்று கேளுங்கள், பெட்டியில் 3.1 அல்லது 5.1 என்றிருந்தால் இருக்கிறது, 2.1 என்றிருந்தால் இல்லை. வாட்ஸ் எண்ணை நம்ப வேண்டாம். டைல்ஸில் ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை, பின்சுவரில் புத்தக அலமாரி ஆகியவற்றுக்குப் பிறகுதான் அட்மாஸ் பேச்சு. கூரையில் ஒலியைத் தெறிக்கவிட்டு மேலிருந்து மழை பெய்வதுபோல் காட்டும் சவுண்ட்பார்களுக்கு மட்டமான கூரை வேண்டும். நடுவில் மின்விசிறியும் ஓரத்தில் ஜிப்சம் வேலைப்பாடும் உள்ள கூரையில் அந்த மழை எங்கே பெய்யும் என்று சொல்ல முடியாது.

சவுண்ட்பார் வாங்கியவர்களில் பலர் அதன் பாதியைக்கூடக் கேட்பதில்லை. டிவியின் பின்புறம் எச்டிஎம்ஐ துளைகள் மூன்று, நான்கு இருக்கும். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் பொடி எழுத்தில் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று அச்சிட்டிருக்கும். அதில்தான் சவுண்ட்பாரைச் செருக வேண்டும். வேறொன்றில் செருகிவிட்டு, சத்தம் வரவில்லை என்று புளூடூத்தில் இணைத்துக்கொள்வார்கள். சத்தம் வந்துவிடும், ஐந்து திசை ஒலி இரண்டாகச் சுருங்கிப்போயிருக்கும், உதடு ஒரு கணம் முன்னால் அசைந்து வார்த்தை பின்னால் வரும். சுவரோடு ஒட்டி மாட்டிய பிறகு அந்தப் பொடி எழுத்தைப் படிக்கப் பல்லியால்தான் முடியும். மாட்டுவதற்கு முன்பே ஒயரைச் செருகிவிட வேண்டும்.

பேனல் போனால்

முன்பெல்லாம் தெருவுக்கு ஒரு டிவி மெக்கானிக் இருந்தார். பின்மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்து, இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். இன்றும் பவர் போர்டு, பின்விளக்குப் பட்டை போன்றவற்றைச் சரிசெய்ய சென்னை ரிச்சி தெருவிலும் ஊர்தோறும் ஆட்கள் இருக்கிறார்கள். பேனல் போனால் அவர்களும் கையை விரிக்கிறார்கள். பேனலின் விலை டிவியின் விலையை நெருங்கிவிடும். பையன் அடித்த பந்து, துடைப்பக் கட்டையின் முனை, கண்ணாடி என்று நினைத்து ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தது, எல்லாமே 'பிசிகல் டேமேஜ்'. வாரண்டியில் வராது. கூடுதலாகப் பணம் கட்டிய நீட்டிப்பு வாரண்டியிலும் பெரும்பாலும் வராது. கட்டும்போது அதைச் சொல்ல மாட்டார்கள். ஐப்பசி இடிமழையில் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும், கேபிள் ஒயரையும் கழற்ற வேண்டும். வீட்டில் எர்த் இணைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை ஒருமுறை பார்க்கச் சொல்வது ஸ்டெபிலைசர் வாங்குவதைவிட உபயோகம்.

பேனல் நல்லபடியாக இருக்கும்போதே டிவி கிழமாவதும் உண்டு. உள்ளே இருக்கும் மென்பொருள் மூன்று நான்கு ஆண்டில் தள்ளாடத் தொடங்கும். ரிமோட்டை அழுத்தினால் யோசித்து யோசித்து நகரும். ஏதாவது ஓர் ஆப், "இந்தக் கருவியில் இனி இயங்காது" என்று அறிவிக்கும். திரை அப்படியே இருக்க, முகப்புப் பக்கத்தில் விளம்பரம் மட்டும் புதிது புதிதாக வரும். நாம் என்ன பார்க்கிறோம் என்பதையும் டிவி கவனிக்கும். அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் உரிமையாளர்களின் சம்மதம் பெறாமல் இப்படித் தகவல் திரட்டியதற்காக 2017-இல் 22 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. தொடக்க அமைப்பில் எல்லாவற்றுக்கும் 'ஓகே' அழுத்திக்கொண்டே போகாமல், பார்ப்பதைக் கண்காணிக்கும் அனுமதியை மறுக்கலாம். டிவி வழக்கம்போல் ஓடும். மென்பொருள் நொண்டினால் டிவியை மாற்ற வேண்டாம், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும்.

இதையெல்லாம் வாங்குபவரே ஆராய்ந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு டிவி மாடலின் விற்பனை முடிந்த பிறகும் பவர் சப்ளை, இணைப்பு முனைகள் போன்ற உதிரிப் பாகங்கள் ஏழு ஆண்டுகளுக்கும், மென்பொருள் புதுப்பிப்பு எட்டு ஆண்டுகளுக்கும் கிடைக்க வேண்டும். பிரான்ஸில் அதே ஆண்டு ஜனவரி முதல் டிவியின் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில், அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டார்கள். இங்கே 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் கடையில் நிற்பவர் இணையதளத்தைத் தேட மாட்டார், பெட்டியைப் பார்ப்பார். ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் எண்ணி வாங்கக் கற்றுக்கொண்டது நம் மக்கள்தான்; சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பேனல் விஏயா ஐபிஎஸ்ஸா, அளந்து பார்த்த வெளிச்சம் எத்தனை நிட்ஸ், பின்விளக்கு எத்தனை பகுதி, மென்பொருள் எந்த ஆண்டு வரை புதுப்பிக்கப்படும், மாற்றுப் பேனலின் இன்றைய விலை என்ன. இந்த ஐந்தும் பெட்டியின் மேல் வர வேண்டும். அதிகபட்ச விலை, தயாரித்தவர் பெயர், எந்த நாட்டுப் பொருள், புகார் சொல்ல வேண்டிய எண் ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. டிவி பெட்டியும் அதற்கு உட்பட்டதுதான். அந்தப் பட்டியலில் ஐந்து வரி கூட்ட நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.